காதோரப் பள்ளம்

தணிகைவேலின் ஹெல்மெட்டை போலீஸ் ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளே பஞ்சில், காதோரம், செல்போன் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. வண்டி ஓட்டும்போது போனை அங்கே செருகிக்கொண்டுதான் மனைவி செண்பகாவோடு பேசுவான். ‘வண்டியில இருக்கேன், அப்புறம் பேசறேன்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. தக்காளி வாங்கிவரச் சொல்லி அழைத்தது அவள்தான்.

காரியம் முடிந்து உறவினர்கள் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். சமையலறையில் நின்றபடி செண்பகா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். போன் அடித்தது. அக்கா. எடுத்து அந்தப் பள்ளத்தில் செருகினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

“ஏதாச்சும் சாப்ட்டியாடி?”

எதிரே அடுப்பு அணைந்து கிடந்தது.

“வண்டியில இருக்கேன்க்கா,” என்றாள். “அப்புறம் பேசறேன்.”