சிவப்பு நாடா

கடப்பாரை கல்லில் பட்டு ‘ணங்’கென்று எழும் சத்தத்தை வெகுகாலத்துக்கு முன்பு ஒரு குன்றடியில் கேட்டேன். ஞாயிறுதோறும் தன்னார்வலர்கள் வந்து, எங்கிருந்தோ வந்து பரவிக் குன்றை மூடியிருந்த உண்ணிச்செடிகளைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்த மண்ணுக்கே உரிய கன்றுகளை நட்டார்கள். பிடுங்கக் கூடாதவற்றுக்கு அடையாளமாகச் சிவப்பு நாடா கட்டினார்கள்.

ஓர் உண்ணிப் புதருக்குள் கொண்டைக்குருவி குஞ்சு பொரித்திருந்தது. சத்தம் நெருங்கியதும் பக்கத்தில் நாடாவோடு நின்ற காரைச்செடிக் கன்றிடம் பறந்து வந்தது.

“அண்ணே, உன் நாடாவைக் கொஞ்சம் தாயேன். என் புதரில் கட்டிக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை.”

“எடுத்துக்கொள், தங்கச்சி. எனக்கும் இடுப்பில் உறுத்திக்கொண்டே இருந்தது.”

“இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கிறாயே. உன்னைப் பிடுங்கிவிட்டால்?”

காரை சிரித்தது. “நல்ல கதை! குழி வெட்டி என்னை நட்டதே அவர்கள்தான். கோடை முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். ஒரு பெண் ‘என் தங்கமே’ என்றுகூடக் கொஞ்சினாள். நாடா இல்லாவிட்டால் என்னை அடையாளம் தெரியாதா அவர்களுக்கு?”

குருவி அலகால் நாடாவை அவிழ்த்துக்கொண்டு போய்ப் புதரில் சுற்றியது.

கடப்பாரையோடு வந்தவர் புதருக்கு முன்னால் நின்றார். “இதுல நாடா இருக்கு, விட்டுடுங்கப்பா,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்து போயின. காரையை அந்த ஞாயிற்றுக்கிழமையே, காய்ந்த குச்சி என்று பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.