நாலாவது சீட்டு

"நான்தான் ஆம்பூர் வாஹித் பாஷா" என்று, நான் சீட்டு எழுதும் ஜன்னலில் குனிந்து சொன்னார். பின்னால் மூன்று பேர் நின்றார்கள்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

டானரியில் தோல் அலசுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்க்கடிக்குப் பச்சிலை கொடுப்பார். காசு வாங்குவதில்லை. அது எந்தச் செடி என்று மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

எங்கள் வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர் ஜெயகரன், செடிச் சாறுகளில் வைரஸைக் கொல்லும் சத்து ஏதும் உண்டா என்று சோதித்துப் பார்ப்பவர். அவருக்காக அந்தச் செடியைக் கேட்டு 1978 ஜனவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று, ஜூலையில் ஒன்று என்று நான்தான் பாஷாவுக்குக் கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் பதில் இல்லை.

"இன்னா பாய், மூணு லெட்டருக்கு அசையாத ஆளு, இன்னிக்குத் தானா வந்து நிக்கறீங்க? எங்க ஊசி மேல ஆசை வந்துடுச்சா?"

அவர் சிரிக்கவில்லை. ஈரத்துணியில் சுற்றிய செடியை வேரோடு என் முன்னால் வைத்தார்.

"டாக்டர்கிட்ட குடுங்க. இதுல மருந்து இருக்கா இல்லியான்னு அவரே பார்த்துச் சொல்லட்டும். கடிச்ச நாய் நேத்து வெறி புடிச்சு செத்துப்போச்சு சார். அது கடிச்ச நாலு பேருக்கு இந்த வாரம் இலை குடுத்துட்டேன். மொதல்ல இவங்களுக்கு ஊசி போடுங்க."

இலை சாப்பிட்டவர்கள் ஊசி போட்டுக்கொண்டால் இலை முறிந்துவிடும் என்பது அவர் வைத்த பத்தியம். அதை அவரே வீடு வீடாகப் போய் மாற்றிச் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஆளுக்கொரு சீட்டு.

ஷபீ அஹமது, முப்பத்து நாலு, வலது கணுக்கால். முனியம்மா, ஐம்பது, கை. அவள் மருமகன், இருபத்தெட்டு, தொடை.

நாலாவது சீட்டுக்கு ஆள் இல்லை.

"அது இந்த வேலூர்லேருந்து எங்க ஊருக்கு லீவுக்கு வந்த பொண்ணு சார். அவங்கம்மா அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. பதினாலு ஊசி குழந்தை தாங்காதாம். வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா ஊசி ஊசின்னு குதிப்பாராம். நீங்க சீட்டை எழுதுங்க, நான் போய் கையில கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வர்றேன்."

பெயர் சொன்னார்.

பொன்மலர். வயது எட்டு. இடது கன்னம். கடித்து ஐந்து நாள்.

தகப்பனார் பெயர் பாஷாவுக்குத் தெரியவில்லை.

அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன்.