ஏழு இலக்கத் துல்லியம்

பூந்தொட்டியின் ஈரத்தை எண்ணாக மாற்றிச் சொல்ல ஒரு மின்னணுச் சில்லு தேவைப்பட்டது. தேர்ந்தெடுப்பது பொத்தான் பாட்டரியின் பொறுப்பு. யார் வந்தாலும் ஓராண்டுக்குச் சோறு போடவேண்டியவள் அவள்தானே!

“ஈரமா, காய்ஞ்சதா, சொல்லிட்டுத் தூங்கிடுவேன் அக்கா,” என்றது எட்டு பிட் சில்லு.

“தூங்குமூஞ்சி!” என்று சிரித்தது இருபத்துநான்கு பிட் சில்லு. “நான் கண்ணே மூடமாட்டேன். புள்ளிக்கு அப்புறம் ஏழு இலக்கம் சொல்வேன்!”

பாட்டரிக்குப் புல்லரித்தது. ஏழா! பூந்தொட்டிக்கு ஏழு இலக்கம் உலகில் வேறெங்கே உண்டு? அதையே அமர்த்திக்கொண்டாள்.

வாரம் முடியுமுன் அவளுக்குத் தலை சுற்றியது. “தம்பி, எனக்கு என்னவோ செய்யுதே!”

“ஆமாக்கா, உங்க சக்தி இறங்குது! அதையும் அளந்துட்டேன்!” என்று துள்ளியது சில்லு. “இரண்டு புள்ளி ஒன்று நான்கு பூஜ்யம்...”

“மெல்லச் சொல்லாதே தம்பி,” என்றாள் பாட்டரி, மங்கிக்கொண்டே. “அக்கம்பக்கத்துக்கும் கேட்கட்டும்.”