பின்னால் நின்றவர்

அக்காவுக்குக் கல்நெஞ்சு என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் பேசினார்கள். ஒரே ஆபீஸ், ஒரே வாசல். தம்பியிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. அவனுக்கு போன் வந்தால் ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மூன்றே பேர். கம்பெனி அதிகாரிகளுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி கொடுப்பது தொழில். தம்பி பேசுவான், வாய் உள்ளவன். அக்கா நிர்வாகம். அவள் புருஷன், அதாவது அத்தான், பின்னால் நிற்பார்.

நிஜமாகவே பின்னால்தான். தம்பி கண்ணைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி பின்பக்கமாகச் சாய்வான். அத்தான் பிடித்து, தோளில் இரண்டு தட்டுத் தட்டி, "இருக்கேன் மாப்பிள்ளை" என்பார்.

"நம்பிக்கைன்னா இதுதான் சார்!" என்று தம்பி முழங்குவான். கைதட்டல் பறக்கும்.

ஒரு தடவை, பயிற்சிக்கு வந்த ஒருவர் அப்படிச் சாய்ந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பிடிக்க வேண்டிய தம்பி போனில் பேசிக்கொண்டிருந்தான். விசாரணையில் கூசாமல் சொன்னான்: "அத்தான்தான் பிடிச்சிருக்கணும்."

அத்தான் மறுத்துப் பேசவில்லை. வேலையை விட்டார். நெஞ்சுவலி என்று படுத்தவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

இப்போது ஒரு புது கம்பெனி, அந்தச் சாய்கிற பயிற்சிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது. பிடிக்க ஆள் போட்டுக்கொள்ளலாம். சாயத்தான் தம்பிக்குத் தைரியம் இல்லை.

அக்கா சாப்பிடக் கிளம்பும் சத்தம் கேட்டது. ஹாலில் மெத்தையைப் போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு சாய்ந்து பார்த்தான்.

மெத்தை வரவே இல்லை.

இரண்டு கைகள் அவனைத் தாங்கி, நிமிர்த்தி நிறுத்தின. தோளில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

அத்தானின் அதே தட்டு! முடிச்சை அவிழ்த்துத் திரும்பினால், ஈ காக்கை இல்லை. கதவு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

ஓடியிருக்கலாம். ஆனால் அவனுக்கு அத்தான் வேண்டியிருந்தது. மறுபடியும் கண்ணைக் கட்டிக்கொண்டான்.

"அத்தான்... நான்தான் போன் பேசிட்டிருந்தேன். பழியை உங்க தலையில போட்டுட்டேன். அன்னிலேருந்து தூக்கமே இல்லை. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தான்."

பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

சாய்ந்தான். அதே கைகள் பிடித்தன. இந்தத் தடவை தட்டு விழவில்லை. கழுத்தில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது.

பேய்க்கு ஏது கண்ணீர்? சட்டென்று அந்த மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, மறுகையால் கண்கட்டைப் பிடுங்கி எறிந்தான்.

அக்கா!

"நீயா... அப்போ நீ என்னை மன்னிச்சிட்டியாக்கா?" அவன் ஓவென்று அழுதுவிட்டான்.

அத்தனை நாளும் பேசாதவள் பேசினாள்.

"போறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார், 'அவன் விழுந்தா நீ பிடிச்சுக்கோ'ன்னு. அதான் பிடிச்சேன்."

அவன் பிடியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"மன்னிக்கச் சொல்லி அவர் சொல்லலைடா."