முப்பத்தொன்றாம் நம்பர்

ஆட்டம் முடிய இரண்டரை நிமிடம் இருக்கும்போதுதான், பெஞ்சின் கடைக்கோடியில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதே அந்த மகராசன் கோச்சுக்கு ஞாபகம் வந்தது.

விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டார். தோளில் கை போட்டு, காதோடு என்னவோ சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். போர்த்தியிருந்த துண்டை எடுத்துப் போட்டாள்.

முதுகில் முப்பத்தொன்று.

கேலரியில் அவள் அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். உட்காரச் சொல்லிப் பின்வரிசைக்காரர்கள் கத்தியது காதில் ஏறவே இல்லை.

தேசியக் கல்லூரிகள் கூடைப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். மகளுக்குக் கடைசி வருஷம். அடுத்த மாதம் பரீட்சை, அதோடு பந்துக்கும் ஒரு கும்பிடு. மகள் ஆடுவதை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நாலு வருஷமாக அம்மாவுக்கு ஆசை. இன்றைக்கு விட்டால் இனி இல்லை.

நாலு வருஷமும் ஃபோனில், இன்றைக்கும் நன்றாக ஆடினேன் என்றுதான் சொல்லுவாள். நேரில் வந்து மூன்று நாளாகப் பார்த்தால் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால் கால் வலியாம்.

முன்பே வந்து பார்க்க முடியாதபடி அம்மாவைக் கட்டிப்போட்டது வேலை. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவள் பதினோரு வருஷமாகப் பதிலி. நிரந்தரக்காரர்கள் யாராவது மட்டம் போட்டால் கூப்பிடுவார்கள். ஒரு தடவை போகாவிட்டால் மறுதடவை கூப்பிட மாட்டார்கள். இந்த மூன்று நாள் லீவுக்கே சூப்பர்வைசர் காலில் விழாத குறை.

போகட்டும். இதோ, உள்ளே போய்விட்டாள்!

மகளின் அணி ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தது. எதிரணியில் பனைமரம் மாதிரி ஒரு நெட்டைப் பெண். பந்து அவள் கைக்கு வந்ததுதான் தாமதம், மகள் பாய்ந்துபோய் மடக்கினாள்.

விசில்.

மகள் ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள்.

அட, என்னைப் பார்த்துவிட்டாள்! அம்மாவும் கையை உயர்த்தி ஆட்டினாள். பிறகு உள்ளங்கை எரிய எரியத் தட்டினாள்.

நடுவர் மேஜைப் பக்கம் திரும்பி மூன்று விரலைக் காட்டினார், பிறகு ஒரு விரலை. மைக்கில் வேறு முப்பத்தொன்று என்றார்கள். அம்மாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

நெட்டைப் பெண் கோட்டருகே தனியாக நின்று, யாரும் தடுக்காமலே இரண்டு தடவை எறிந்தாள். இரண்டும் வளையத்தில் இடித்து வெளியே விழுந்தன. பாவம், என் பெண்ணைப் பார்த்துக் கை உதறுகிறது போல என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

மறுபடி மகள் மடக்கினாள். மறுபடி விசில், உயர்ந்த கை, மூன்று விரல், ஒரு விரல். அம்மா விடாமல் தட்டினாள். மூன்றாவது தடவை கூட்டம் ஊளையிட்டது. வயிற்றெரிச்சல் பிடித்த கூட்டம், வேறென்ன.

அந்த முனையில் நெட்டைப் பெண் எறிந்ததில் பத்துக்கு ஒன்றுதான் கூடைக்குள் விழுந்தது. இந்த முனையில் மகளின் கேப்டன் பந்தை வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஐந்தாவது விசிலுக்குப் பிறகு மகள் தானாகவே வெளியேறி, பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். கோச் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

அம்மா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே ஓடினாள். எல்லாரும் கேப்டனைத் தூக்கிக்கொண்டு கூத்தாடினார்கள். மகள் பெஞ்சில் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு தடவைடி! அஞ்சு தடவையும் உன் நம்பரைத்தான் காட்டினாங்க! நீயும் ஒவ்வொரு தடவையும் என்னைப் பாத்துக் கை தூக்கினியே, என் கண்ணே... அப்படி என்னதான்டி சொல்லி அனுப்பினாரு காதுல?"

மகள் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"'கேப்டன் ஏற்கெனவே நாலு ஃபவுல் பண்ணிட்டா. இன்னொண்ணு பண்ணினா வெளிய அனுப்பிடுவாங்க, அவ வேணும். உன் அஞ்சும் சும்மாதான கெடக்கு. அந்த நெட்டைக்குத் தனியா நின்னு போட வராது. அஞ்சு தடவை அவளைப் பிடிச்சு இழு, அப்புறம் வந்து உக்காரு'ன்னாரு."

அம்மாவுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தொற்றுநோய் வார்டிலிருந்து சிவப்புப் பையில் கட்டி ஒரு மூட்டை வரும். அதை நிரந்தரக்காரர்கள் யாரும் தொடமாட்டார்கள். அதற்கென்றே அவளை ஃபோன் போட்டுக் கூப்பிடுவார்கள். சூப்பர்வைசரும் பக்கத்தில் வந்து, பதவிசாக, காதோடுதான் சொல்லுவார். அன்றைக்கெல்லாம் ராத்திரி மகளிடம், இன்றைக்கு லேசான வேலைதான் என்று இவளும் அளந்திருக்கிறாள்.

ஜெயித்தாயிற்றே, அது போதாதா என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு குனிந்து, மகள் எடுத்துப் போட்டிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தாள்.

மகள் ஷூவைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள்.

"கை தூக்கறது, தப்பு பண்ணினேன்னு ஒத்துக்கறதும்மா. எல்லாரும் ஊளையிடறாங்க, நீ ஒருத்தி மட்டும் கை தட்டறே. கீழ வரைக்கும் கேட்டுச்சு."