ஒரே ரகத்தில் நாலு

“மூணையும் மேல பத்திரமா ஒளிச்சு வெச்சிருக்கேன். நாலாவதையும் இன்னைக்கே தூக்கிட்டு வந்துடு, மாப்ளே. உங்க அக்காவுக்கு மூக்குல வேர்க்கிறதுக்குள்ள காரியத்தை முடிச்சாகணும்.”

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார் ஆடிட்டர். மறுமுனையில் மனைவியின் தம்பி. பழைய கம்ப்யூட்டர் சாமான்களை வாங்கி விற்பது அவன் தொழில்.

“கொண்டு வர்றேன் மாமா. ஆனா இந்தத் தடவை விலை கொஞ்சம் ஏறிடுச்சு.”

“போன தடவையும் கொஞ்சம்தான் ஏறுச்சு. அந்தக் கொஞ்சத்துல என் ஸ்கூட்டர் போச்சு!”

“நான் என்ன பண்ணட்டும்? செஞ்ச கம்பெனியையே மூடிட்டான். உலகத்துல இருக்கிற கார்டை விரல் விட்டு எண்ணிடலாம்.”

ஆடிட்டருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. இதுவரை யாருமே கண்டுபிடிக்காத மிகப் பெரிய பகா எண்ணைக் கண்டுபிடித்துவிட வேண்டும். அதற்கு ராட்சச வேகத்தில் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் தேவை. அந்தக் கம்ப்யூட்டருக்கோ ஒரே ரகத்தில் நாலு கிராஃபிக்ஸ் கார்டு தேவை. மூன்று கார்டு போட்டால் அது கண்ணைக்கூடத் திறக்காது.

“கண்டுபிடிச்சு என்ன மாமா செய்யப் போறீங்க?” என்று மைத்துனன் ஒரு தடவை கேட்டான்.

“அதைவிடப் பெரிசு எங்கே இருக்குன்னு தேடணும்.”

முதல் கார்டு அவருடைய சேமிப்பை விழுங்கியது. இரண்டாவது வருங்கால வைப்பு நிதியை. மூன்றாவது ஸ்கூட்டரை. நாலாவதற்கு, விழுந்துபோன கடைவாய்ப் பல்லைக் கட்டிக்கொள்ள வைத்திருந்த பணத்தை எடுத்தார். ஒரு பக்கமாக மென்றால் என்ன, தொண்டைக்குள்தானே போகிறது?

போதாக்குறைக்கு வீட்டுச் செலவிலும் கை வைத்தார். “ஆபீஸ்ல சம்பளத்தைக் குறைச்சுட்டாங்க” என்று பொய் சொன்னபோது மனைவி முகம்கூடச் சுளிக்கவில்லை.

“விடுங்க, எப்படியோ சமாளிச்சுக்கிறேன்.”

சமாளிக்கவும் செய்தாள். வாடகை நிற்கவில்லை, மகளின் கல்லூரிக் கட்டணம் தவறவில்லை, ஜன்னல்களுக்குப் புதுத் திரைச்சீலைகூட வந்துவிட்டது. அடுத்தவன் கணக்கில் எறும்பு ஊர்ந்தாலும் பிடித்துவிடும் ஆடிட்டர், தான் கொடுப்பது அரை, நடப்பது முழுசு என்பதைப் பார்த்து, ‘கெட்டிக்காரி!’ என்று பூரித்துப்போனார்.

அவள் கடைத்தெருவுக்குக் கிளம்பிய சமயம் பார்த்து மைத்துனன் வந்தான். பணத்தை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஒட்டுநாடா சுற்றிய அட்டைப்பெட்டியை நீட்டினான்.

“வழக்கம்போல மேல வெச்சுடுங்க மாமா. திறந்துடாதீங்க. தூசி பட்டா போச்சு.”

“இனிமே எதுக்குடா மூடி வைக்கணும்? நாலும் சேர்ந்தாச்சு. இப்பவே மாட்டப் போறேன். நீயும் இருந்து பாரேன்!”

“ஐயோ, கடையில ஆள் காத்திருக்கு மாமா” என்றவன், அக்கா வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்காமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினான்.

ஆடிட்டர் பெட்டியைப் பிரித்தார். கார்டு பளபளவென்று சிரித்தது. கைக்குழந்தையைப் போல அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஏணி போட்டுப் பரண்மேல் ஏறினார்.

முதல் பெட்டியைத் திறந்தார். உள்ளே கைப்பிடி உடைந்த இஸ்திரிப்பெட்டி. இரண்டாவதில் துருப்பிடித்த பூட்டுகள். மூன்றாவதில் அவருடைய கிழிந்த சட்டையில் சுற்றிய இரண்டு தரை ஓடுகள்.

“ஐயோ! போச்சே! திருட்டுப் போயிடுச்சே!”

அவர் போட்ட கூச்சலில் ஏணி ஆடியது. அப்போதுதான் உள்ளே நுழைந்த மனைவி, பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க ஆச்சு?”

“என் கார்டுடி! சம்பளமெல்லாம் யாரும் குறைக்கலை. எல்லாத்தையும் கொட்டி இதுக்குள்ள மூணு கார்டு வாங்கி வெச்சிருந்தேன். எந்தப் படுபாவியோ தூக்கிட்டுப் போயிட்டான்!”

மனைவியின் முகம் வெளுத்தது.

“படுபாவி இல்லைங்க… நான்தான். ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின சாமான்னு சொல்லித்தானே மேல போட்டீங்க? செலவுக்குக் கை கடிச்சப்போ, நீங்க ஒண்ணு கொண்டாந்து வெச்சதும் நான் ஒண்ணை எடுத்து வித்துடுவேன். தூக்கினா கனம் தெரியணுமேன்னு எதையாவது உள்ளே போட்டு ஒட்டிடுவேன்.”

“வித்துட்டியா? உலகத்துலேயே விரல் விட்டு எண்ணுற சாமான்டி! இனிமே எந்தத் தேசத்துல போய்த் தேடுவேன்?”

ஏணியின் உச்சியில் உட்கார்ந்து ஆடிட்டர் தேம்பினார். அவருடைய காலைத் தடவிக்கொடுத்து, ஆறுதலாகச் சொன்னாள் மனைவி:

“அழாதீங்க. வெளி ஆளுக்கு ஒண்ணுகூடப் போகலை. எல்லாத்தையும் என் தம்பிதான் வாங்கிக்கிட்டான்!”