எலெக்ட்ரிகல் மட்டும் வேண்டாம்

"எலெக்ட்ரானிக்ஸ் எடு, ரோபாட்டிக்ஸ் எடு, உன் இஷ்டம். எலெக்ட்ரிகல் மட்டும் வேண்டாம்மா!" அப்பா ஒற்றைக்காலில் நின்றார்.

"ஏன்ப்பா? பத்து வயசுலேயே ரிப்பேர் வேலை பார்த்தவ நான். எனக்கு நல்ல கைராசின்னு அம்மாவே சொல்லுவாங்க."

அவர் கல்லூரி விண்ணப்பத்தை மடித்து வைத்தார்.

"அம்மா இருந்திருந்தா சேர்த்துவிட்டிருப்பாங்க. உங்களுக்குத்தான் என்மேல நம்பிக்கையே இல்ல. சரி, ரோபாட்டிக்ஸே படிக்கறேன்" என்று விருட்டென உள்ளே போனாள் மகள்.

அப்பா கண்களை மூடிக்கொண்டார். மூடினால் அதே காட்சிதான்.

மகள் ரிப்பேர் செய்து பெருமையோடு கொடுத்த இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே, தரையில் உயிரற்றுக் கிடந்தாள் அவர் மனைவி.

மகள் பள்ளிவிட்டு வருவதற்குள் பெட்டியை அப்புறப்படுத்திவிட்டு, "அம்மாவுக்கு மாரடைப்பு" என்று சொன்னவர், இன்றுவரை அதை மாற்றிச் சொல்லவில்லை.